எண்ணும் செலவும்: குண்டலுபேட்டையிலிருந்து ஓர் அமைச்சரவை வரலாற்று நோக்கு

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள குண்டலுபேட்டை மூன்று மாநிலங்களின் வழிகள் கூடும் ஊர். இங்கிருந்து ஒரு சாலை பண்டிப்பூர், முதுமலைக் காடுகளினூடே உதகைக்குச் செல்கிறது. மற்றொன்று முத்தங்கா வழியாக வயநாட்டுக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்கிறது. வடக்கே செல்வது மைசூர்ச் சாலை. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புவரை நீலகிரியும் மலபாரும் சென்னை மாநிலத்தைச் சார்ந்திருந்தமையால், இவ்வூரார்க்கு அக்காலத்தில் எல்லைக்கப்பால் இருந்த அரசு ஒன்றே. அதன்பின் அது இரண்டாயிற்று.

இம்மூன்று மாநிலங்களிலும் சட்டம் இடந்தரும் அமைச்சர் தொகை முறையே கருநாடகத்தில் 34, தமிழ்நாட்டில் 35, கேரளத்தில் 21. மூன்றிலும் இவ்வுச்ச அளவு எட்டப்பட்டதுண்டு. கேரளத்தில் 2021 மே மாதம் பதவியேற்ற அமைச்சரவையில் 21 பேர். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் 35 பேர். கருநாடகத்தில் 2023 மே மாத இறுதியில் 34 பேர். எல்லையிட்டுக் குறைக்க வந்த சட்டம் எட்டவேண்டிய இலக்காக மாறியது எவ்வாறு? அமைச்சர் எண்ணிக்கை எதன் அளவு: அரசு செய்யும் பணியின் அளவா, அரசைத் தாங்கி நிற்போர்க்குத் தரவேண்டிய பங்கின் அளவா? இவ்வினாக்களைக் குண்டலுபேட்டையை நடுவாகக் கொண்டு வரலாற்றுநிலையில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அமைச்சரவையின் அளவு, செலவு பற்றிய பேச்சு அரசியல் மேடைக்குரியதாகவே கருதப்பட்டு வருகிறது. ஆனால் தமிழ் ஆய்வுலகத்திற்கும் அதில் ஒரு பழைய கணக்கு உண்டு.

ஐந்தும் எட்டும்

சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் ஐம்பெருங்குழு, எண்பேராயம் என்னும் தொடர்கள் வருகின்றன. உரைமரபு ஐம்பெருங்குழுவை அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் எனப் பிரிக்கிறது. எண்பேராயத்துள் கரணத்தியலவர், கருமகாரர், கனகச்சுற்றம், கடைகாப்பாளர், நகரமாந்தர், படைத்தலைவர், யானைவீரர், இவுளிமறவர் ஆகியோர் அடங்குவர். வி. கனகசபைப் பிள்ளை 1904இல் நூல்வடிவில் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வில் ஐம்பெருங்குழுவுக்கு வேறு விளக்கம் தந்தார். மக்களின் சார்பாளர், புரோகிதர், மருத்துவர், கணியர், அமைச்சர் என்பது அவர் தந்த பட்டியல். மன்னனின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய பேரவைகளாக இவற்றை அவர் கண்டார். இந்தியர்க்குச் சட்டமன்றங்களில் கூடுதல் இடம் வேண்டும் என்ற குரல் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அக்குரலின் எதிரொலி அவர் விளக்கத்தில் இருப்பதாகவே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

ஐந்தையும் எட்டையும் இன்றைய அமைச்சரவையோடு ஒப்பிட்டுப் 'பழந்தமிழர் எட்டுப் பேரைக் கொண்டு ஆண்டனர்' என்று கூறும் கட்டுரைகளை இன்றும் காணமுடிகிறது. இது பொருந்தாது. ஐந்தும் எட்டும் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, பணிவகைகளின் எண்ணிக்கை. 'சேனாபதியர்' என்னும் பன்மையே இதனை உணர்த்தும். எத்தனை வகைப் பணி என்பதை மரபு எண்ணியது. எத்தனை பேர் என்பதை அது எண்ணவில்லை.

திருக்குறளும் இதற்கு அரணாகிறது. அமைச்சு முதல் அவையஞ்சாமை ஈறாக உள்ள 10 அதிகாரங்களும் அமைச்சரைப் பற்றியன. அந்த 100 குறட்பாக்களில் ஓர் அரசனுக்கு எத்தனை அமைச்சர் வேண்டும் என்ற குறிப்பு ஓரிடத்தும் இல்லை. அமைச்சு என்னும் அதிகாரத்தில் எழுபது கோடி என்றொரு பேரெண் வருகிறது. அதுவும் பகைவரின் தொகையே. பழுது எண்ணும் அமைச்சன் ஒருவன் அருகிருப்பதோடு அத்தொகை ஒப்பிடப்படுகிறது. வள்ளுவர்க்கு ஒருவரின் தரமே கணக்கு.

எண்ணிக்கையை நேரடியாக விவாதித்த நூல் அருத்தசாத்திரம். அந்நூல் மீட்கப்பட்டதும் இம்மைசூர்ப் பகுதியிலேயே என்பது இனிய ஒற்றுமை. தஞ்சைப் பண்டிதர் ஒருவர் 1905இல் மைசூர்க் கீழைத்தேய நூலகத்தில் ஒப்படைத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியை இனங்கண்டு, ஆர். சாமசாத்திரி 1909இல் பதிப்பித்தார். மந்திரிகள் அவையில் 12 பேர் வேண்டும் என்பது மனு வழியினர் கொள்கை; 16 என்பது பிருகற்பதி வழியினர் கொள்கை; 20 என்பது உசனசு வழியினர் கொள்கை. இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபின், தேவைக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற அளவு என்று கௌடிலியர் முடிக்கிறார். எண்ணைத் திறந்துவிட்ட அவர் செலவைத் திறந்துவிடவில்லை. பணியாளர் அனைவர்க்கும் ஆகும் ஊதியம் அரசு வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்கிறார். தலைமை அமைச்சர்க்கு 48,000 பணம், மந்திரிகள் அவையினர்க்கு 12,000 பணம், கடைநிலை ஏவலாளர்க்கு 60 பணம் என அவரது ஊதியப் பட்டியல் அமைகிறது. உச்சத்திற்கும் அடிக்கும் இடைவெளி 800 மடங்கு. எண்ணைக் கட்டாமல் செலவைக் கட்டுவது அவர் வழி. பிற்கால இந்தியா இதனைத் தலைகீழாக்கியதைப் பின்னர்க் காண்போம்.

அங்களத்துச் சிறையும் பதினெட்டுக் கச்சேரியும்

குண்டலுபேட்டைப் பகுதி சோழர் ஆட்சியையும் கண்டது. கங்கபாடி முடிகொண்டசோழமண்டலம் எனவும் தலைக்காடு இராசராசபுரம் எனவும் வழங்கிய காலத்தில், அரசனின் திருவாய்க்கேள்வி முதல் உடன்கூட்டத்து அதிகாரிகள் வரை பலர் ஓர் ஆணைக்குக் கையொப்பமிட்டனர். இவர்தம் வாழ்வுக்குச் சீவிதமாக நிலம் அளிக்கப்பட்டது. பணமாக எண்ணப்படாத செலவு அது. எனினும் ஊர்களின் வருவாயிலிருந்து பிரிந்த செலவே.

குண்டலுபேட்டையின் தனிச்சிறப்பு சிக்கதேவராச உடையார் காலத்தது (1673–1704). அரசுரிமைப் பூசலால் இளமையில் அவர் தந்தையோடு காவலில் வைக்கப்பட்ட அங்களம் என்னும் ஊர் இவ்வூருக்கு அருகில் உள்ளது. விசயபுரம் என முன்னர் வழங்கிய குண்டலுபேட்டையில் தந்தையின் நினைவாக அவர் எழுப்பிய பரவாசுதேவர் கோயிலும் இங்கே உண்டு. காவலில் இருந்த நாளில் அவர்க்குத் துணையாயிருந்தவர் எளந்தூரைச் சேர்ந்த விசாலாட்ச பண்டிதர் என்னும் சமணர். சிக்கதேவராசர் அரியணை ஏறியதும் அவரே தலைமை அமைச்சரானார். மைசூர் அரசின் முதல் பேரமைச்சர்களுள் ஒருவர் ஒரு சிறைக்காலத்து நட்பில் உருவானார் எனலாம்.

விசாலாட்ச பண்டிதர், திருமலாரியர், சடட்சரையா, சிக்குபாத்தியாயர், கரணிகர் லிங்கண்ணையா ஆகிய ஐவர் அரசர்க்கு அறிவுரைக் குழுவாயினர். சமணர், வைணவர், வீரசைவர் எனச் சமயம் பலவாக அவ்வைவர் அமைந்தமை நோக்கத்தக்கது. ஐந்து இடத்திற்குள்ளும் பங்கு என்னும் கருத்து நுழைந்துவிட்டதை இது காட்டுகிறது. பணியின் எண் ஐவரிடம் இல்லை; அவர்கீழ் அமைந்த அட்டாரக் கச்சேரி எனும் பதினெட்டு அலுவலகங்களில் இருந்தது. ஔரங்கசீப்பின் அவைக்குச் சென்று திரும்பிய தூதுக்குழு தந்த செய்திகளால் 1700 அளவில் இவ்வமைப்புத் தோன்றியது என மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். வேலையைப் பதினெட்டாகப் பிரித்தவர்கள் அமைச்சரைப் பதினெட்டாக்கவில்லை என்பதே இங்குச் சுட்டவேண்டிய செய்தி.

செலவைப் பற்றிய இவ்வரசரின் நோக்கு மரபுக் கதையாகவே நிலைத்துவிட்டது. ஆயிரம் வராகன் கொண்ட பைகள் இரண்டு கருவூலத்தில் சேர்ந்தபின்னரே அவர் நாள்தோறும் உணவு கொள்வார் என்பது வில்க்ஸ் பதிந்த செய்தி. நவகோடி நாராயணர் என்னும் பெயரும் அவர்க்கு வழங்கியது. ஆனால் அவ்வராகன்கள் உழவரிடமிருந்து வந்தவை. வரிச்சுமையை எதிர்த்து எழுந்த கலகத்தையும் அதனை அடக்கிய கொடுமையையும் வில்க்ஸ் விரிவாக எழுதியுள்ளார். நூற்றாண்டுக்குப்பின் எழுதப்பட்ட அவ்வரலாற்றின் ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே ஏற்கவியலாது. விசாலாட்ச பண்டிதர் 1686இல் கொலையுண்டதோ வரலாறு. ஐந்து பேரைக்கொண்ட சிக்கனமான அமைச்சு, குடிகளுக்குச் சிக்கனமாக இருக்கவில்லை. சிறிய அமைச்சரவை நல்ல அமைச்சரவை என்று எளிதில் முடிவுகட்டுவோர் குண்டலுபேட்டைக் கோயிலருகே சற்று நின்று இதனை எண்ணிப்பார்க்கவேண்டும்.

எளந்தூரின் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வருகிறது. திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் திவானாக விளங்கிய பூர்ணையாவுக்கு 1807இல் எளந்தூர் சாகீராக வழங்கப்பட்டது. முதல் அமைச்சரைத் தந்த ஊர், நூற்றாண்டு கடந்து மற்றோர் அமைச்சரின் ஊதியமாயிற்று.

1881இல் ஆட்சி உடையார்களிடம் திரும்பியபோது செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்த சி. ரங்காசார்லு திவானானார். அவ்வாண்டு அக்டோபரில் 144 பேர் கொண்ட சார்பாளர் அவை மைசூரில் கூடியது. அவர்கள் குறைகூறலாம், சட்டம் செய்ய இயலாது. எனவே அவர்களை மனநிறைவு கொள்ளச்செய்ய அமைச்சர் பதவி எதுவும் தேவைப்படவில்லை. திவானும் சிறு ஆலோசனைக் குழுவுமே அரசு. அன்றைய மைசூரின் பெருஞ்செலவு அமைச்சர்க்கு ஆனதன்று. 1799 உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் ஆங்கிலேயர்க்குச் செலுத்திய 24½ இலட்சம் ரூபாயே அது.

எல்லைக்கப்பால்: மூவரும் பதின்மரும்

குண்டலுபேட்டையின் தெற்கெல்லையில் தொடங்கிய சென்னை மாகாணத்தின் கதை வேறு. இரட்டையாட்சியில் 1920 முதல் அங்கு அமைச்சர்கள் மூவர். ஒவ்வொருவர்க்கும் மாத ஊதியம் 4,333 ரூபாய்க்குச் சற்று மேல். ஆண்டுக்கு 52,000 ரூபாய். பெருமந்தக் காலத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தபோதும் அவ்வூதியம் பெருமளவில் குறைக்கப்படாமை நீதிக்கட்சிக்கு எதிரான பெரும் குற்றச்சாட்டாயிற்று. அமைச்சர் உள்ளிட்ட உயர் அலுவலர்க்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 1931இல் கராச்சிக் காங்கிரசு தீர்மானித்தது. 1937இல் இராசாசி அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்துப் பதின்மர்.

இவ்விடத்தில் கணக்கு ஒன்று போட்டுப்பார்க்கலாம். வீடு, வண்டிப் படிகள் நீங்கலாக, மூவர்க்கு ஆண்டூதியம் 1,56,000 ரூபாய்; பதின்மர்க்கு 60,000 ரூபாய். எண்ணிக்கை மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. செலவோ பாதிக்கும் கீழே இறங்கியது. எண்ணும் செலவும் ஒருசேர ஏறியிறங்கும் என்ற பொதுக் கருத்து தவறு என்பதற்குத் தமிழக வரலாற்றில் இதனினும் தெளிவான சான்று வேண்டா. அதேவேளையில் வேறொரு வழக்கமும் இங்கே காலூன்றியது. அமைச்சரல்லாத உறுப்பினர் சிலர் சட்டமன்றச் செயலர்களாக அமர்த்தப்பட்டனர். பின்னாளில் முதலமைச்சரான எம். பக்தவத்சலம் அவர்களுள் ஒருவர். பதவி வரிசைக்கு வெளியே ஒரு திண்ணை போடப்பட்டுவிட்டது. அத்திண்ணை பின்னர்ப் பெரிதாயிற்று.

விடுதலைக்குப்பின் 1954இல் காமராசர் அமைத்த அமைச்சரவையில் அவர் உட்பட எண்மர். 1957இல் 205 உறுப்பினர் அவையில் மீண்டும் எண்மர். 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில், 234 உறுப்பினர்க்கு ஒன்பதின்மர். ஏறத்தாழ 26 உறுப்பினர்க்கு ஓர் அமைச்சர் என்ற விகிதம் அது. அதே 234 உறுப்பினர் அவையில் 2022 இறுதியில் 35 அமைச்சர். ஏழு உறுப்பினர்க்கு ஒருவர் என்ற நிலை. இடைப்பட்ட காலத்தில் அரசின் பணி பெருகியது உண்மையே. சத்துணவும் நகர வளர்ச்சியும் தகவல் தொழில்நுட்பமும் காமராசர் காலத்தில் தனித்துறைகளாக இல்லை. ஆயினும் பணி பெருகியதற்கேற்ப எண்ணிக்கை பெருகியது என்றால், அது ஏன் மாநிலந்தோறும் 15 விழுக்காடு என்னும் ஒரே கோட்டில் வந்து நிற்கவேண்டும்? பணிக்குக் கண் உண்டெனில் கேரளத்தின் பணி வேறு, கருநாடகத்தின் பணி வேறு.

பதினைந்து விழுக்காடு

1997இல் உத்தரப்பிரதேசத்தில் கல்யாண் சிங் அமைத்த அமைச்சரவையில் 93 பேர் இருந்தனர். பிற கட்சிகளிலிருந்து பிரிந்து வந்து ஆட்சியைத் தாங்கியோர்க்குப் பதவி தரப்பட்டதால் நேர்ந்த பெருக்கம் அது. 2002இல் வெங்கடாசலையா ஆணையம் மக்களவை அல்லது சட்டப்பேரவை உறுப்பினர் தொகையில் 10 விழுக்காடு போதும் என்றது. 2003இல் வந்த சட்டவரைவிலும் 10 விழுக்காடே இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரைக்குப்பின் அது 15 ஆயிற்று. இவ்வாறு நிறைவேறிய 91ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கட்சித்தாவலுக்கு எதிரான விதிகளையும் அதே சட்டத்தில் இறுக்கியது. அமைச்சர் தொகையும் கட்சித்தாவலும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பதைச் சட்டமியற்றியோர் அறிந்திருந்தனர்.

10 விழுக்காடாகவே இருந்திருப்பின் கருநாடகத்திற்கு 22, தமிழ்நாட்டிற்கு 23, கேரளத்திற்கு 14 அமைச்சர்களே கிடைத்திருப்பர். பதினைந்தாயினும் கருநாடகத்தில் ஒரு சிறு சிக்கல் உண்டு. 224இல் 15 விழுக்காடு 33.6. விழுக்காட்டை மிகலாகாது என்பது சட்டத்தின் சொல். வழக்கிலோ அரைக்கு மேற்பட்ட அமைச்சர் முழு அமைச்சராகி 34 என வழங்குகிறது.

சிறிய மாநிலங்களுக்குக் கீழெல்லையாக 12 என்ற எண்ணும் தரப்பட்டது. 32 உறுப்பினர் கொண்ட சிக்கிமில் இதனால் மூன்றில் ஒருவர்க்கு மேல் அமைச்சராகலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டால் முழு அளவில் அமைச்சரவை அமையும்போது ஓர் அமைச்சர்க்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 20.6 இலட்சம் மக்கள், கருநாடகத்தில் 18 இலட்சம், கேரளத்தில் 15.9 இலட்சம், சிக்கிமில் 51,000. மக்களின் எண்ணிக்கையோடு இவ்வெண்களுக்குத் தொடர்பில்லை. உறுப்பினர் எண்ணிக்கையோடு மட்டுமே உண்டு. மரபு எண்ணிய பணிவகை போய், ஆதரவு தருவோரின் தொகையே அளவுகோலாகிவிட்டது.

மேலும் சட்டம் ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டியதேயன்றிச் செலவைக் கட்டவில்லை. வெளியே போடப்பட்ட திண்ணை உடனே நினைவுக்கு வந்தது. பல மாநிலங்கள் நாடாளுமன்றச் செயலர் பதவிகளைப் பெருக்கின. அசாம் மாநிலத்தின் அத்தகைய சட்டத்தை உச்சநீதிமன்றம் 2017 சூலையில் செல்லாதென்றது. கருநாடகத்தில் 2024 சனவரியில் 34 சட்டமன்ற உறுப்பினர்கள் வாரியங்கள், கழகங்களின் தலைவர்களாக அமைச்சர் தகுதியுடன் அமர்த்தப்பட்டனர். உள்ளே 34, வெளியே 34. வெளியே உள்ளோர் அமைச்சரல்லர். ஆதலின் 15 விழுக்காட்டுக் கணக்கில் சேரார். வாகனமும் அலுவலகமும் உதவியாளரும் மட்டும் கணக்கிலிருந்து தப்பா. அவை வேறு கணக்கில் எழுதப்படும்.

இக்கணக்கு எங்கெங்கு எழுதப்படுகிறது என்பதும் அறியத்தக்கது. இந்திய அரசுகளின் வரவுசெலவுத் திட்டத்தில் அமைச்சர் குழுவிற்கென 2013 என்னும் தலைப்பெண் உண்டு. (இது ஆண்டைக் குறிப்பதன்று, கணக்குத்துறை வைத்த எண்.) ஊதியம், விருந்தோம்பற்படி, பயணச்செலவு முதலியன இதில் அடங்கும். தலைமைச் செயலகப் பணியாளர் செலவு 2052 என்னும் தலைப்பிலும் காவலர் செலவு 2055 என்னும் தலைப்பிலும் பிறவற்றோடு கலந்துவிடுகின்றன. ஓர் அமைச்சர்க்கு ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் காண இயலாது. 2025 மார்ச்சில் கருநாடகச் சட்டமன்றம் அமைச்சரின் மாத ஊதியத்தை 60,000 ரூபாயிலிருந்து 1,25,000 ரூபாயாக உயர்த்தியபோது எழுந்த விவாதம் முழுவதும் அவ்வூதியத்தைப் பற்றியதே. 34 பேர்க்கும் முதலமைச்சரின் கூடுதல் ஊதியம் நீங்கலாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 5.1 கோடி ரூபாய். ஒரு மாநிலத்தின் வரவுசெலவில் இது துளி. கண்ணுக்குத் தெரியும் துளியைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

பிற நாடுகளில்

சுவிட்சர்லாந்தில் 1848 முதல் இன்றுவரை கூட்டாட்சி அவையின் உறுப்பினர் எழுவரே. அங்கும் பங்கு உண்டு. 1959 முதல் நான்கு கட்சிகள் 2, 2, 2, 1 என்ற கணக்கில் இடங்களைப் பகிர்ந்துகொண்டன. கட்சிகளின் வலிமை மாறியபோது இடங்கள் கைமாறின. இடங்களின் எண்ணிக்கை மாறவில்லை. பங்கிடுவதற்காகப் பாத்திரத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு. ஒன்று பொதுமக்கள் அவையில் அமைச்சராக அமர்வோர் 95க்கு மேற்படலாகாது என்கிறது. மற்றொன்று ஊதியம் பெறும் அமைச்சர் முதலியோர் 109 பேரே என்கிறது. 650 உறுப்பினர் அவையில் 95 என்பது 14.6 விழுக்காடு, நம் 15 விழுக்காட்டுக்கு மிக அருகில் உள்ளது. ஆனால் அங்கே 95 பேரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வதில்லை. உள்வட்ட அமைச்சரவை 22 பேர் அளவினது. தமிழில் அமைச்சரவை என்ற ஒரே சொல்லால் உள்வட்டத்தையும் முழு அமைச்சர் குழுவையும் குறித்துவிடுவதால் ஒப்பீடுகள் பல பிழைபடுகின்றன. 2024 சூனில் பதவியேற்ற இந்திய நடுவணரசில் தலைமையமைச்சரையும் சேர்த்து 72 பேர். அவர்க்கு அடுத்த முழுத்தகுதி அமைச்சர் 30 பேர். எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் செய்யப்படும் ஒப்பீடு பயனற்றது. பிரிட்டனில் ஊதியத்திற்கு வரம்பிட்டதால் ஊதியமில்லா அமைச்சர்கள் தோன்றினர். இந்தியாவில் அமைச்சர்க்கு வரம்பிட்டதால் அமைச்சரல்லாத அமைச்சர் தகுதியினர் தோன்றினர். வேலி எங்கே போடப்படுகிறதோ, அதன் மறுபுறம் பயிர் வளர்கிறது.

இலங்கையின் நிலை தமிழர்க்கு நெருங்கியது. 2007 சனவரியில் 225 உறுப்பினர் நாடாளுமன்றத்தில் அமைச்சரவை அமைச்சர் மட்டும் 52 பேர். பிற அமைச்சர், பிரதியமைச்சர் எனச் சேர்த்தால் நூற்றைக் கடந்தது. எதிர்க்கட்சியிலிருந்து வந்தோர்க்கு இடம் தரவேண்டியிருந்தது. போர்க்காலத்து அரசுக்கு நாடாளுமன்றப் பெரும்பான்மை அத்துணை விலையுடையதாயிருந்தது. 2015இல் வந்த 19ஆம் திருத்தம் அமைச்சரவைக்கு 30, பிறர்க்கு 40 என வரம்பிட்டது. தேசிய அரசு அமையின் எண்ணிக்கையை நாடாளுமன்றமே முடிவுசெய்யலாம் என்ற விலக்கையும் அதுவே தந்தது. அவ்வாண்டிலேயே அவ்விலக்கு பயன்படுத்தப்பட்டது. பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் குடியரசுத்தலைவர் நீங்கலாக 21 பேர். அவையில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மை பெற்ற அரசு அது. எவரையும் விலைகொடுத்துத் தாங்கவேண்டிய தேவை அதற்கில்லை. சட்டத்தினும் தேர்தல் முடிவே எண்ணிக்கையைக் குறைத்தது.

சிங்கப்பூர் கௌடிலியரின் பட்டியலை நினைவூட்டுவது. அமைச்சர் சிலர், ஊதியம் பெரிது. 2012ஆம் ஆண்டு முறைப்படி, மிகுந்த வருவாயுடைய 1,000 குடிமக்களின் நடுநிலை வருவாயில் 40 விழுக்காடு கழித்து அமைச்சரின் ஊதியம் வகுக்கப்பட்டது. தொடக்கநிலை அமைச்சர்க்கு ஆண்டுக்கு 11 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. செலவு முழுவதும் வெளிப்படையான ஊதியத்திலேயே அடங்கவேண்டும் என்பது அம்முறையின் நோக்கம். அதனை ஏற்பதும் மறுப்பதும் வேறு. கணக்கு ஒரே பக்கத்தில் இருக்கிறது.

மீண்டும் குண்டலுபேட்டை

பங்கு என்பதை இழிவாகவே பேசிவிடுதல் முறையன்று. குண்டலுபேட்டை போன்ற எல்லையோரத் தொகுதிக்குத் தலைநகரில் ஒரு குரல் தேவை. இத்தொகுதியிலிருந்து ஏழு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட கே. எஸ். நாகரத்தினம்மா 1972 முதல் 1978 வரை கருநாடகச் சட்டப்பேரவையின் முதல் பெண் தலைவராக விளங்கினார். 1994 முதல் ஐந்து முறை வென்ற எச். எஸ். மகாதேவ பிரசாத் கூட்டுறவுத்துறை, சர்க்கரைத்துறை அமைச்சராக இருந்தபோது 2017 சனவரி 3 அன்று மறைந்தார். ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் அவர் துணைவியார் மோகன்குமாரி வென்றார். செப்டம்பரில் இணையமைச்சராகப் பதவியேற்றார். அமைச்சரவையில் குண்டலுபேட்டைக்கென ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் இவ்வாறு சில மாதங்களில் மீண்டும் உறுதிபெற்றது. அவ்விடம் துறைக்குரியதா, தொகுதிக்குரியதா என்று வினவினால் தொகுதிக்குரியது என்றே ஊரார் கூறுவர். அவர்களிடம் அதற்குக் காரணமும் உண்டு. கருநாடகத்தில் மாவட்டந்தோறும் ஒரு பொறுப்பமைச்சர் அமர்த்தப்படுகிறார். மாவட்ட வளர்ச்சிக் கூட்டங்களுக்குத் தலைமை ஏற்பவர் அவர். 31 மாவட்டங்களைக் கொண்ட மாநிலத்தில் அமைச்சர் தொகை முப்பதை ஒட்டியே நிற்பதற்கு இம்முறையும் ஒரு காரணம்.

ஆனால் கணக்கு இங்கேயும் இடறியது. 2023இல் 34 இடங்களும் நிரம்பியபோது, குண்டலுபேட்டையை உள்ளடக்கிய சாமராசநகர் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் ஒன்றுக்கும் இடம் கிடைக்கவில்லை. மைசூர் மாவட்டத்துப் பிரியாப்பட்டணத்திலிருந்து தேர்வான கே. வெங்கடேசு இம்மாவட்டத்தின் பொறுப்பமைச்சரானார். பங்கிடுவதற்காகவே பெரிதாக்கப்பட்ட அமைச்சரவை, பங்கு மிகுதியும் வேண்டப்பட்ட ஓர் எல்லை மாவட்டத்தை விட்டுவிட்டது. இடங்கள் வட்டாரத்தின் தேவையைப் பார்த்தன்றிச் சமூக வலிமை, கட்சிக்குள் உள்ள அணி, தலைவரின் அணுக்கம் ஆகியவற்றைப் பார்த்தே நிரம்புகின்றன. எண்ணிக்கையைக் கூட்டினால் வட்டாரச் சமன்பாடு தானாக வரும் என்னும் வாதம் குறைந்தது இவ்விடத்தில் நிற்கவில்லை.

2025 ஏப்ரல் 24 அன்று கருநாடக அமைச்சரவை பெங்களூரை விட்டு இம்மாவட்டத்தின் மாதேசுவரன் மலையில் கூடியது. ஈரோடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து தமிழ் அடியார் திரளாகச் செல்லும் மலை அது. மாவட்டத்திலிருந்து ஒருவரும் இடம்பெறாத அமைச்சரவை அன்று ஒருநாள் மாவட்டத்திற்குள் இருந்தது. மாவட்டத்திற்கான திட்டங்களும் அக்கூட்டத்தில் ஒப்புதல் பெற்றன. மாலையில் வாகனங்கள் மலையிறங்கின.